சாயும் ட்ரெய்லர்: எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

கராஜ் பட்டறை – 9

மொன்றியலில் கனடா தினத்தன்று கொடி பிடிப்பவர்களைவிட ஃபிரிட்ஜ் தூக்குபவர்கள்தான் அதிகம். கியூபெக்கில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30இல் முடிகின்றன. ஜூலை 1இல் நகரமே வீடு மாறுகிறது. முன்பு இது மே 1ஆக இருந்தது. பள்ளிக்கூடம் நடக்கும்போது பிள்ளைகள் இடம் மாறுவது சிரமம் என்று 1970களில் அரசாங்கம் கோடைக்குத் தள்ளிவைத்தது. பார்க் எக்ஸ்டென்ஷனிலோ கோட்-டே-நேய்ஜிலோ இருக்கும் நம்மவர்களைக் கேளுங்கள்: அன்றைக்கு லொறி வாடகைக்குக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

சொந்தமாக ஒரு சிறிய ட்ரெய்லர் இருந்தால் இந்தக் கவலை பாதி தீரும். மாநகராட்சியின் எக்கோசென்டருக்குப் பழைய பலகையும் கல்லும் கொண்டுபோகலாம், தோட்டத்துக்கு மண் ஏற்றலாம். ஆனால் சாதாரண ட்ரெய்லர் என்றால் பாரத்தைத் தூக்க ஆள் வேண்டும். சாயும் ட்ரெய்லர் என்றால் பெரும்பாலும் ஒருவரே போதும். பொருளை உருட்டி ஏற்றிவிடலாம்.

அதன் தத்துவம் நமக்குப் புதிதல்ல. மணல் ஏற்றிய மாட்டு வண்டிலில் மாட்டை அவிழ்த்து நுகத்தை மேலே விட்டால் பின்பக்கம் நிலத்தில் முட்டும். மணல் தானாகச் சரியும். ட்ரெய்லரில் மாட்டை அவிழ்க்கும் வேலைகூட இல்லை. காரோடு பூட்டிய இழுவைத் தண்டு, தளத்துக்கு அடியால் பின்னோக்கி ஓடி, அச்சுக்குச் சற்று முன்னால் ஒரு கீலில் முடிகிறது. தளத்தின் முன்பக்கத்தை அந்தத் தண்டோடு ஓர் ஆணி பூட்டிவைத்திருக்கும். ஆணியைக் கழற்றிப் பின்விளிம்பை அமுக்கினால், தண்டு காரோடு நிற்க, தளம் மட்டும் சில்லுகளின் மேல் சாயும். பாரத்தை உருட்டி ஏற்றும்போது அதன் கனம் அச்சைத் தாண்டியதும் முன்பக்கம் தானாக இறங்கும். பிறகு ஆணியைப் போட்டுப் பூட்ட வேண்டியதுதான். இறங்கும்போது வேகமாக இறங்கும் என்பதால் தண்டுக்கும் தளத்துக்கும் நடுவில் கை வைக்கவே கூடாது.

கியூபெக்காரருக்கு இது பழகிய சாமான். மொன்றியலுக்குக் கிழக்கே இருக்கும் வல்கூர் என்ற சிற்றூரில் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே 1959இல் 'ஸ்கி-டூ' பனிவண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இருநூறு கிலோவைத் தாண்டும் இன்றைய பனிவண்டியை யாரும் தூக்கி ஏற்றுவதில்லை. தளத்தைச் சாய்த்து, ஓட்டியே ஏற்றுகிறார்கள். வீட்டுக்கு வீடு முற்றத்தில் நிற்கும் அந்தப் பனிவண்டி ட்ரெய்லர்தான் நம்முடைய மாதிரி.

அளவில் தொடங்குவோம். பிளைவுட் பலகை 4 அடிக்கு 8 அடியில் வருகிறது. தளத்தையும் அதே அளவில் வைத்தால் வெட்டும் வேலையும் கழிவும் இல்லை. ஆனால் தளம் குட்டையானால் சாய்வு செங்குத்தாகிவிடும். தளம் தரையிலிருந்து 18 அங்குல உயரம், அச்சின் உயரம் 10 அங்குலம், அச்சிலிருந்து பின்விளிம்பு 38 அங்குலம் என்று வையுங்கள். பின்விளிம்பு நிலத்தைத் தொட, தளம் ஏறக்குறைய 27 பாகை சாய வேண்டும். பின்நீளத்தை 48 அங்குலமாக்கினால் 21 பாகை போதும். ஃபிரிட்ஜைத் தள்ளுகிறவருக்கு அந்த ஆறு பாகையின் அருமை தெரியும். தளத்தை நீட்ட முடியாவிட்டால் சிறிய சில்லு போட்டு உயரத்தைக் குறையுங்கள்.

அச்சை நடுவில் வைக்கக்கூடாது. சற்றுப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். வண்டில்காரர் முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏற்றுவது இதற்காகத்தான். ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு காரின் கொக்கியில் உட்கார வேண்டும். பின்பாரமானால் வேகம் கூடக் கூட ட்ரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலையில் அது உயிராபத்து. அளக்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. ட்ரெய்லரை மட்டமாக நிறுத்தி, தண்டின் முனையைக் குளியலறைத் தராசில் வைத்தால் கணக்குத் தெரிந்துவிடும்.

மிச்சம் பிடிக்க முதல் இடம் அச்சு. புதிதாக வாங்கினால் செலவில் பெரும்பங்கை அதுவே விழுங்கிவிடும். மடிக்கும் கூடாரம் வைத்த பழைய முகாம் ட்ரெய்லர்களைத் தேடுங்கள். துணி கிழிந்து பலகை உக்கிப்போனதால் சும்மா கொடுப்பவர்களும் உண்டு. அடியில் அச்சும் சில்லும் நன்றாகவே இருக்கும். சில்லைத் தூக்கிச் சுழற்றிக் காது கொடுங்கள். கரகரத்தால் பேரிங் போய்விட்டது. மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பேரிங்கை எப்படியும் புதிதாக மாற்றி கிரீஸ் அடைத்துவிடுங்கள், அது பெரிய செலவல்ல. படகு ட்ரெய்லரின் அச்சு தண்ணீருக்குள் போய்வந்தது. வாங்கும்முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

சட்டத்துக்குப் பெட்டிக் குழாய் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே குளிர்காலம் முழுக்க வீதியில் உப்புத்தான். உப்புத் தண்ணீர் குழாய்க்குள் புகுந்தால் உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் மினுங்கிக்கொண்டிருக்கும். ஆகவே இரு பக்கமும் கண்ணுக்குத் தெரிகிற 'எல்' வடிவ இரும்பு மேல். குழாய்தான் என்றால் அடியில் வடிகால் துளை போடுங்கள். இழுவைத் தண்டின் மேல்முகத்திலும் அடிமுகத்திலும் குறுக்காக வெல்டிங் வைக்காதீர்கள். பாரம் இழுக்கும் இடம் அது, விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். பக்கவாட்டில் நீளவாக்கில் வையுங்கள்.

இனி தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடங்கள். கீல் ஆணிக்குக் கையில் கிடைத்த போல்ட்டைப் போடக்கூடாது. தலையில் ஆறு கோடு இருந்தால் எட்டாம் தரம், மூன்று கோடு என்றால் ஐந்தாம் தரம்; கோடே இல்லாததைத் தொடாதீர்கள். மரை இல்லாத வழவழப்பான பகுதிதான் தகடுகளுக்குள் இருக்க வேண்டும். முன் ஆணிக்குக் கடையாணிபோல ஒரு கிளிப் கட்டாயம். காரின் கொக்கிப் பந்தும் அதைக் கவ்வும் கப்பும் ஒரே அளவாக இருக்கட்டும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் தண்டுக்கு அடியால் குறுக்காக மாட்டினால், தண்டு கழன்றாலும் வீதியில் விழாமல் சங்கிலியில் தங்கும்.

விளக்கு வயரில் சாயும் ட்ரெய்லருக்கென்றே ஒரு வம்பு இருக்கிறது. எர்த் இணைப்பைச் சட்டத்தோடு விட்டுவிடுவது பலரின் பழக்கம். இங்கே சட்டத்துக்கும் தண்டுக்கும் நடுவில் கிரீஸ் பூசிய கீல் நிற்கிறது. மின்சாரம் தடுமாறும், விளக்கு மினுக்கும். வெள்ளை எர்த் வயரை ஒவ்வொரு விளக்குக்கும் நேராகக் கொண்டுபோங்கள். பழுப்பு பின்விளக்குக்கு, மஞ்சள் இடது சிக்னலுக்கும் பிரேக் விளக்குக்கும், பச்சை வலதுக்கு. கீல் பக்கத்தில் வயரைச் சற்றுத் தொய்வாக விடாவிட்டால் முதல் தடவை சாய்க்கும்போதே அறுந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? ட்ரெய்லரின் எடை சுமையோடு 1300 கிலோவை எட்டினாலோ, இழுக்கும் வாகனத்தின் எடையில் பாதியைத் தாண்டினாலோ அதற்குத் தனி பிரேக் வேண்டும். கார் 1200 கிலோ என்றால் உங்கள் எல்லை 600 கிலோ. ட்ரெய்லரே 180 கிலோ இருந்தால் ஏற்றக்கூடியது 420 கிலோ. உங்கள் காரும் கொக்கியும் இழுக்க அனுமதிக்கும் எடை இதைவிடக் குறைவென்றால் அதுதான் கணக்கு. இலக்கத்தகடு இல்லாமல் வீதிக்கு இறங்க முடியாது. வீட்டில் செய்த ட்ரெய்லரைப் பதிய என்னென்ன பத்திரம் வேண்டும் என்று வாகனப் பதிவைக் கவனிக்கும் எஸ்.ஏ.ஏ.கியூ. அலுவலகத்தில் இரும்பை வெட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், உடைந்தால் வேலை மட்டும் நிற்கும் பொருளைப் பழையதாக வாங்கலாம்: தளப் பலகை, பக்க அடைப்பு, சில்லு மூடி. உடைந்தால் பின்னால் வருகிறவரின் உயிருக்கு ஆபத்து என்றால் அதைப் புதிதாக வாங்குங்கள்: கீல் ஆணி, கொக்கி, சங்கிலி, பேரிங், டயர். இரண்டாவது பட்டியலின் மொத்தச் செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு வராது.

அடுத்த வாரம்: வெல்டிங் இயந்திரத்தை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?