சோதனையில் குறையில்லை, வலியோ தீரவில்லை

கேமரன் மலையில் ரிங்லெட்டை அடுத்த லெம்பா பெர்த்தாம் வட்டாரத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்மணியை நினைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், அவரைப் போன்றவர் மலைத் தோட்டத்திலும் இருக்கிறார், பால்மரத் தோட்டத்திலும் இருக்கிறார். ஓராண்டாக அவருக்கு வயிறு உப்புகிறது. அடிவயிறு முறுக்கிப் பிடித்து வலிக்கிறது. மூன்று நாள் மலம் கழிவதில்லை. நான்காம் நாள் பேதியாகிறது. மருந்தகத்துக்கும் மருத்துவமனைக்கும் அலைந்தார். இரத்தம் சோதித்தார்கள், குழாய் விட்டும் பார்த்தார்கள். முடிவில் "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டார் அதனை வேலைக்கு அஞ்சிய சாக்கு என்கின்றனர். அவரோ மறைத்துச் சொல்லப்பட்ட புற்றுநோய் என்று எண்ணி இரவெல்லாம் உறங்காமல் கிடக்கிறார்.

இரண்டுமே தவறு. புண் இல்லை, கட்டி இல்லை, அழற்சி இல்லை என்பதே அந்த "ஒன்றுமில்லை" என்னும் சொல்லின் பொருள். வலி இல்லை என்பது அதன் பொருளன்று. பட்டையில் புண் இல்லாத ஒரு மரம், ஒரு நாள் கோப்பை நிரம்பி வழியப் பால் தருகிறது. மறுநாள் சொட்டுக்கூட விடுவதில்லை. அந்த மரத்துக்கு ஒன்றுமில்லை என்று பால் வெட்டும் தொழிலாளி சொல்வாரா? உறுப்பு நன்றாயிருந்து அதன் இயக்கம் கெடுவதும் நோயே ஆகும். இதனை மருத்துவர்கள் குடல் அசைவுக் கோளாறு என்றும், குடலுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்புக் கோளாறு என்றும் இக்காலத்தில் வகுத்துக் கூறுகின்றனர்.

உண்ட உணவு தன் எடையால் கீழே இறங்குவதில்லை. குடலின் தசை, உணவுக்கு மேற்புறம் சுருங்கியும் கீழ்ப்புறம் தளர்ந்தும் அதனை அலை போலத் தள்ளிச் செல்கிறது. 1899இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர், வெளியிலிருந்து குடலுக்கு வரும் நரம்புகளைத் துண்டித்த பிறகும் இவ்வசைவு நிகழ்வதைக் காட்டினர். குடற்சுவரிலேயே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் உள்ளன. அவை தாமாகவே வேலை செய்யும். எனினும் மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டும் இருக்கும். இந்தப் பேச்சில் பிழை நேரும்போது, பிறர் உணராத சிறு காற்றும் ஒருவருக்குக் கடும் வலியாகத் தெரிகிறது. அசைவு சிலருக்கு விரைகிறது, சிலருக்குத் தேங்குகிறது.

இந்தத் தொடர்பை நம் முன்னோர் அறியாமலில்லை. அச்சம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோம். பொறாமையை வயிற்றெரிச்சல் என்கிறோம். அமெரிக்காவில் 1822இல் துப்பாக்கிச் சூடு பட்ட அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் கூலித் தொழிலாளியின் வயிற்றில், ஆறாத துளை ஒன்று நிலைத்துவிட்டது. வில்லியம் போமண்ட் என்னும் மருத்துவர் அதன் வழியே ஆண்டுக்கணக்கில் இரைப்பையை நேரில் பார்த்து, 1833இல் நூலாக வெளியிட்டார். அத்தொழிலாளி சினமுற்றபோது செரிமானம் கெடுவதை அவர் குறித்து வைத்தார். அவ்வளவு தொலைவு போவானேன்? 2013 அக்டோபர் 23ஆம் நாள் சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட்டு, லெம்பா பெர்த்தாமில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதைக் கண்டவர் ஒருவருக்கு அடைமழை இரவில் அடிவயிறு கலங்குமானால், அதனைக் கோழைத்தனம் என்று யார் சொல்ல முடியும்?

இது அரிதான நோயுமன்று. மலேசியா உட்பட 33 நாடுகளில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், நேரில் கண்டு வினவப்பட்டவர்களில் ஐவரில் ஒருவருக்கு இவ்வகைக் கோளாறுகளில் ஒன்றேனும் இருந்தது. பெண்களிடம் இது மிகுதி. நாம் மேலே கண்ட அம்மையாரின் நோய்க்கு ஐ.பி.எஸ். என்று பெயர். அதனை அறிய மருத்துவ உலகம் வகுத்த விதி எளிது. வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி வருதல் வேண்டும். அது மலம் கழிப்பதோடு தொடர்புடையதாகவோ, கழியும் தடவையும் மலத்தின் தன்மையும் மாறுவதாகவோ இருத்தல் வேண்டும். இவற்றுள் இரண்டேனும் பொருந்த வேண்டும். மூன்று மாதம் இவ்வாறு தொடர்ந்து, தொல்லை தொடங்கி ஆறு மாதமும் ஆகியிருந்தால் ஐ.பி.எஸ். என்று கொள்ளலாம். சிலருக்குக் கெட்ட நீரால் வந்த கடும் வயிற்றுப்போக்கு நின்ற பிறகு இது தொடங்குகிறது.

ஆயினும் எல்லா வயிற்று வலியையும் இதில் சேர்த்துவிடலாகாது. மலத்தில் இரத்தம், கறுத்த மலம், காரணமின்றி எடை குறைதல், விழுங்க இயலாமை, சோகை, தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வலி, ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் குடற்புற்று, இவற்றுள் ஒன்று இருப்பினும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். (இரும்புச்சத்து மாத்திரை உண்போருக்கும் மலம் கறுக்கும், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.) மேல்வயிற்று வலி உடையோர் எச். பைலோரி என்னும் கிருமிக்குச் சோதனை செய்துகொள்வது நலம். நம் நாட்டில் மலாய்க்காரரைவிட இந்தியரிடமும் சீனரிடமும் இக்கிருமி மிகுதி என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நீரிழிவு முற்றினால் இரைப்பையின் நரம்பு கெட்டு, உண்டது மணிக்கணக்கில் அங்கேயே தங்கும். சர்க்கரையின் அளவும் கட்டுக்கு அடங்காது. மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். பதிவு பெறாத சில ஜாமு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பன்முறை எச்சரித்துள்ளது.

இனி, தோட்ட வாழ்க்கைக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைப் பேச நாம் கூசுகிறோம். கூசுவதால்தான் நோய் வளர்கிறது. விழித்தெழுந்ததும் பெருங்குடலும் விழித்துக்கொள்கிறது. சூடாக எதையேனும் பருகி, சிறிது உண்டதும் அதன் அசைவு மிகுகிறது. மலம் கழிக்க அதுவே இயற்கை தந்த வேளை. அந்த வேளையில் நம் தொழிலாளி எங்கிருக்கிறார்? வெறும் வயிற்றில் ஒரு குவளை வறக்கோப்பியோடு பிரட்டுக்களத்துக்கு விரைகிறார்; பிறகு நிரையில் நிற்கிறார். மலைச்சரிவிலோ மரக்காட்டிலோ கழிப்பிடம் அருகில் இராது. ஆண்கள் எப்படியோ ஒதுங்கிவிடுகின்றனர், பெண்கள் அடக்கிக்கொள்கின்றனர். அடக்கிய மலத்திலிருந்து குடல் நீரை உறிஞ்சிக்கொள்ள, அது இறுகுகிறது. நாளடைவில் உந்துதலே மங்கிவிடுகிறது. சிலருக்கு முக்கும்போது தளர வேண்டிய தசை இறுகிக்கொள்ளவும் செய்யும். அழுத்தமானி கொண்டு இதனைக் கண்டறிந்து, அத்தசையைப் பழக்கும் பயிற்சி பெரிய மருத்துவமனைகளில் உண்டு. ஆனால் பலருக்கும் அவ்வளவு தேவைப்படாது. இருபது நிமிடம் முன்னதாக எழுந்து, ஏதேனும் உண்டு, அவசரமின்றிக் கழிப்பிடம் சென்று வருவதே பாதி மருந்து. வேலைக்காட்டின் அருகே தடுப்பும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பிடம் கேட்பது சலுகை கேட்பதாகாது. நிருவாகத்திடம் பேசும் தொழிற்சங்கத் தலைவர்கள் சம்பளத்தோடு இதையும் பேசலாம்.

உணவில், பத்தியம் என்று எல்லாவற்றையும் ஒதுக்கி மெலிந்து போக வேண்டுவதில்லை. வெங்காயம், பூண்டு, பருப்பு, கோதுமை முதலியவற்றில் உள்ள சில சர்க்கரைப் பொருள்கள் பெருங்குடலில் புளித்துக் காற்றை உண்டாக்குகின்றன. லெம்பா பெர்த்தாமின் பெருமையான முட்டைக்கோசும் சிலருக்கு இத்தொல்லையைத் தரும்! ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த முறைப்படி இவற்றைச் சில வாரம் குறைத்துப் பார்த்து, பின்னர் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒவ்வாதது என அறியலாம். மலச்சிக்கலுக்கு இசப்கோல் உமியைப் போதிய நீருடன் சிறுகச் சிறுகக் கூட்டி உண்ணலாம். முறுக்கு வலிக்கு வேறு மாத்திரைகள் உள்ளன.

மருத்துவர் சிலருக்கு அமிட்ரிப்டிலின் என்னும் மருந்தைச் சிறிய அளவில் எழுதித் தருவதுண்டு. மனச்சோர்வுக்குத் தரும் மருந்து என்று யாரோ சொல்லக் கேட்டு, "எனக்கென்ன பைத்தியமா?" என்று அதனைத் தூக்கி எறிபவர் பலர். இச்சிறிய அளவில் அது குடல் நரம்புகளின் மிகை உணர்வைத் தணிக்கவே தரப்படுகிறது. இங்கிலாந்தில் 463 நோயாளிகளிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், வெறும் மாத்திரை பெற்றவரைவிட இதனைப் பெற்றவர்கள் நலமடைந்தனர். பலன் தெரியச் சில வாரமாகும். வாய் உலர்தலும் தூக்கக் கலக்கமும் வரலாம். ஆகையால் இரவில் உண்பதே வழக்கம்.

மருந்தகத்துக்குப் போகுமுன், பிள்ளையின் பழைய பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றில் இரண்டு வாரம் எழுதி வையுங்கள்: என்ன உண்டீர்கள், வலி எப்போது வந்தது, மலம் எத்தனை முறை, இறுக்கமா நீராகவா, அன்று மனம் எப்படி இருந்தது, என்ன மாத்திரை விழுங்கினீர்கள். எழுதத் தெரியாதவர் பிள்ளையிடம் சொல்லி எழுதச் செய்யலாம். "வயிறு சரியில்லை, டாக்டர்" என்ற மூன்று சொற்களைவிட அந்த இரண்டு பக்கங்கள் மருத்துவருக்கு மிகுதியாகச் சொல்லும்.