பெரிய இணையத்தளங்களுக்கு ஏற்ற பட்டி எது?

ஒரு நூலுக்குப் பொருளடக்கம் எப்படியோ, ஓர் இணையத்தளத்துக்குப் பட்டி அப்படி. 'மெனு' என்று நாம் சாதாரணமாகச் சொல்வது இதைத்தான். பத்துப் பக்கங்கள் உள்ள தளமாயின் பட்டி எப்படி இருந்தாலும் சமாளிக்கலாம். ஆயிரக்கணக்கான பக்கங்கள் உள்ள தளத்தில் அது முடியாது. விண்ணப்பப் படிவம் தளத்தில் இருக்கும். முடிவுத் திகதிக்கு முன் அது கண்ணில் படாவிட்டால் இருந்தும் பயனில்லை. தகவல் தொழினுட்பம் கற்கும் மாணவி என்ற வகையில் இவ்விடயத்தைச் சற்று ஆழமாகப் பார்க்க விரும்பினேன்.

பட்டியைத் திரையில் எங்கே வைப்பது என்பது இரண்டாவது கேள்வி. எதை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்பதே முதலாவது. பிரித்தானிய அரசு 2012 ஒக்டோபரில் ஆரம்பித்த 'கவ் டொட் யூகே' தளம் இதற்கு நல்ல உதாரணம். வாகனம் ஓட்டுதல், பிறப்பு இறப்பு திருமணம், கல்வி என மக்கள் தேடி வரும் அலுவல்களே அங்கு தலைப்புகளாக உள்ளன. சாரதி அனுமதிப்பத்திரம் பெற வருபவர், அது எந்த அமைச்சுக்கு உரியது என்று அறிந்திருக்கத் தேவையில்லை.

இத்தகைய தலைப்புகளைக் கண்டறிய 'அட்டை வகைப்படுத்தல்' என்றொரு எளிய முறை உண்டு. விடயங்களைத் தனித்தனி அட்டைகளில் எழுதி, பயன்படுத்தப் போகிறவர்களிடமே கொடுத்துக் குழுக்களாகப் பிரிக்கச் சொல்வார்கள். பாடசாலைத் தளமொன்றுக்கான 20 அட்டைகளை எழுதி உம்மாவிடமும் ராத்தாவிடமும் கொடுத்துப் பார்த்தேன். 'இணைப்பாடவிதானச் செயற்பாடுகள்' என்ற அட்டையை உம்மா ஒதுக்கி வைத்துவிட்டு, "விளையாட்டு, தமிழ்த்தினப் போட்டியெல்லாம் இதுல எங்க மகள்?" என்று கேட்டார். ஆசிரியர்களுக்குப் பழகிய சொல், பெற்றோர் தேடும் சொல்லாக இருப்பதில்லை.

தலைப்புகள் தெளிவானால் அமைப்பைத் தெரிவது எளிது. பக்கத்தின் மேலே கிடையாக ஓடும் பட்டி, சில குறுகிய தலைப்புகளுக்கே பொருந்தும். இங்கு தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் 'ரிசல்ட்ஸ்' என்று முடிவது தமிழில் 'பரீட்சைப் பெறுபேறுகள்' என நீள்கிறது. மும்மொழித் தளமொன்றை ஆங்கிலத்தில் மட்டும் வடிவமைத்துப் பின்னர் மொழிபெயர்த்தால், தமிழ்ப் பக்கத்தில் பட்டி இரண்டு வரிகளாக உடையும். இல்லையேல் எழுத்துகள் வாசிக்க முடியாதபடி சிறுக்கும்.

நீண்ட சொற்களுக்கும் பல தலைப்புகளுக்கும் இடப்பக்க நெடும்பட்டி உகந்தது. கண் மேலிருந்து கீழாக இலகுவாக ஓடும். ஆங்கில விக்கிப்பீடியா 2023 ஜனவரியில் ஏற்றுக்கொண்ட தோற்றத்தில், கட்டுரையின் உள்ளடக்கப் பட்டியல் இடப்பக்கத்தில் நின்று, வாசிக்கும்போது கூடவே வருகிறது.

பொருள்கள் மிகுந்த விற்பனைத் தளங்கள் விரிபட்டியை நாடுகின்றன. ஒரு தலைப்பைத் தொட்டதும் அதன் உட்பிரிவுகள் அனைத்தும் ஒரே பலகையாக விரியும். ஆனால் சுட்டியை மேலே கொண்டுசென்றால் மட்டும் விரியும் பட்டி, விரலால் இயக்கும் கைத்தொலைபேசிக்கு உதவாது.

கைத்தொலைபேசியில் நாம் அடிக்கடி காண்பது மூன்று கோட்டுச் சின்னம். 1981 இல் வெளிவந்த செரொக்ஸ் ஸ்டார் கணினிக்காக நோர்ம் கொக்ஸ் வரைந்த சின்னம் அது. இடத்தை மிச்சப்படுத்தும்; ஆனால் தலைப்புகளை மறைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாததைப் பலர் தேடுவதில்லை. ஆகவே அதிகம் தேடப்படும் மூன்று நான்கு விடயங்களை வெளியே வைத்து, எஞ்சியவற்றை மட்டும் அதனுள் வைப்பதே நல்லது.

நாளை எம்மில் சிலர் இத்தகைய தளங்களை அமைக்கக்கூடும். அப்போது, வெளியிடுவதற்கு முன் தளத்தை அறியாத ஒருவரிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து, "புலமைப்பரிசில் படிவத்தை எடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். பின்னர் எதுவும் பேசாமல் அருகில் இருந்து பாருங்கள். அவரது விரல் தயங்கி நிற்கும் இடத்தில்தான் பட்டியைத் திருத்த வேண்டியிருக்கும்.