மாணவர் நம்பிக்கையும் தெரிவிக்கும் கடமையும்: மலாக்கா மாநிலத் தமிழ்ப்பள்ளிகளை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மாணவர் தம்மிடம் மனம் திறந்து கூறுவதைக் காப்பது ஆசிரியப் பணியின் அறங்களுள் ஒன்றாகும். ஆயின், மாணவர் கூறுவது தமக்கு இழைக்கப்படும் கொடுமையைப் பற்றியதாயின், அதனை மறைப்பதா உரியவரிடம் தெரிவிப்பதா என்னும் சிக்கல் எழுகின்றது. ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலும் சிறுநகரங்களிலும் பணியாற்றும் தமிழாசிரியர்களை முன்வைத்து இச்சிக்கலை இக்கட்டுரை விளக்க முனைகின்றது.

சட்டப் பின்னணி

1990ஆம் ஆண்டையொட்டிக் கொடுமைக்குள்ளான ஒரு குழந்தையின் மரணம் மலேசியாவை உலுக்கியது. அதன்பின் சிறுவர் பாதுகாப்புச் சட்டம் 1991 இயற்றப்பட்டது. அதனையும் வேறிரு சட்டங்களையும் ஒருங்கிணைத்துச் சிறுவர் சட்டம் 2001 (சட்டம் 611) உருவாயிற்று. இதன் 27, 28, 29ஆம் பிரிவுகள் மருத்துவர், குடும்ப உறுப்பினர், குழந்தைப் பராமரிப்பாளர் ஆகியோர்க்குத் தெரிவிக்கும் கடமையை விதிக்கின்றன. ஆசிரியர் என்னும் சொல் இப்பிரிவுகளில் வெளிப்படையாக இல்லை. ஆயினும், சிறுவர்க்கெதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017 (சட்டம் 792) அத்தகைய குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காத எவர்க்கும் 5,000 ரிங்கிட் வரை தண்டம் விதித்தது. ஆசிரியரும் இதற்கு விலக்கல்லர். மேலும், நல்லெண்ணத்துடன் தகவல் அளிப்பது தொழில்நெறியை மீறுவதாகக் கருதப்படாது என்பதும் சிறுவர் சட்டத்தின் நிலைப்பாடாகும்.

தோட்டச் சமூகத்தில் இரகசியம்

தோட்டத்து லயன் வீடுகளில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்கு எளிதில் எட்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த பின்னரும் இந்நெருக்கம் முற்றிலும் மறையவில்லை. குடும்ப மானம் கருதி, இத்தகைய செய்தியைக் கோயில் தலைவரிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கூறித் தீர்த்துக்கொள்ள விழைவதும் உண்டு. இங்குதான் முரண் உள்ளது. பெரியவரிடம் கூறியது ஊரெங்கும் பரவும். குற்றம் சாட்டப்படுபவர் அதை முதலில் அறிந்து பிள்ளையின் வாயை அடைக்கவும் கூடும். இரகசியமும் போய்ப் பாதுகாப்பும் போய்விடுகின்றது. மாறாக, சமூகநல அதிகாரியிடம் கூறுவது கடமைப்பட்ட சிலரை மட்டுமே சென்றடைய வேண்டியதாகும். பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடுவதைச் சிறுவர் சட்டத்தின் 15ஆம் பிரிவு தடுக்கின்றது. எனவே, முறையாகத் தெரிவித்தல் இரகசியத்தை உடைத்தலன்று. அதனை உரியவர் கையில் ஒப்படைத்தலாகும்.

ஆசிரியர் கடைப்பிடிக்கத்தக்கவை

முதலாவதாக, "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்களித்தல் கூடாது. "ஊரார்க்குச் சொல்லமாட்டேன், உன்னைக் காக்கக்கூடியவரிடம் மட்டும் சொல்வேன்" என்பதே காப்பாற்றத்தக்க வாக்கு.

இரண்டாவதாக, ஆசிரியர் துருவி விசாரித்தல் ஆகாது. பிள்ளை கூறிய சொற்களை நாள், நேரத்துடன் அவ்வாறே குறித்துக்கொள்ளவேண்டும். இதில் தமிழாசிரியர்க்குத் தனிப்பொறுப்பு உண்டு. பிள்ளை தமிழில் கூறுவது அறிக்கையில் மலாய்மொழிக்கு மாறுகின்றது. "மாமா" என்பது தாயின் உடன்பிறந்தாரையோ அத்தையின் கணவரையோ அண்டை வீட்டாரையோ குறிக்கலாம். மலாயில் அது "பாக்சிக்" என்று மட்டும் பதிவானால் வீட்டினுள் இருப்பவர் வெளியாராகவும், வெளியார் உறவினராகவும் தோன்றக்கூடும். ஆதலின், தமிழ்ச் சொல்லை அப்படியே எழுதி, அப்பிள்ளை அதனால் யாரைக் குறித்தது என்பது தெரிந்திருப்பின் அதனையும் விளக்குதல் வேண்டும். தெரியாவிடின் ஊகித்து எழுதலாகாது.

மூன்றாவதாக, ஐயம் வீட்டினர்மீதே எனின் அவர்களை முதலில் அழைத்துப் பேசுதல் தவிர்க்கத்தக்கது. தலைமையாசிரியர்க்குத் தெரிவித்து, மாவட்டச் சமூகநல அலுவலகத்தையோ காவல் நிலையத்தையோ 15999 என்னும் தொலைபேசி எண்ணையோ உடனே நாடவேண்டும். ஐயத்தை மெய்ப்பித்தல் ஆசிரியர் பணியன்று.

நான்காவதாக, தெரிவித்தபின் ஆசிரியர் அறையில் அதுகுறித்துப் பேசாதிருத்தல் வேண்டும். தெரிவித்ததோடு இரகசியக் காப்பு முடிந்துவிடுவதில்லை. அதன்பின்னரே அது கூடுதலாகத் தேவைப்படுகின்றது.

முடிவுரை

இரகசியம் காத்தலும் தெரிவித்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டும் பிள்ளையின் நலனுக்காகவே உள்ளன. ஒரு செய்தியை மறைப்பதால் காக்கப்படுபவர் பிள்ளையா, பெரியவர்களின் மானமா என்று வினவின், ஆசிரியர் செல்லவேண்டிய வழி தெளிவாகும். ஆசிரியர் பயிற்சியில் சட்டத்தோடு இம்மொழிசார் பயிற்சியும் இடம்பெறுதல் நன்று.