கல்லில் இருப்பவர் யார்? கதையில் வந்தவர் யார்?



‘பொன்னியின் செல்வன்’ 2022, 2023-இல் இரண்டு பாகமாகப் படமாக வந்தபோது, எங்கள் நொச்சிக்குப்பத்தில் வலை சரி பண்ணுகிற இடத்தில்கூட ஒரே விவாதம்தான். “வந்தியத்தேவன் நெஜமாவே இருந்தானா? நந்தினி நெஜமா?” பதிலைத் தேட நமக்கு ஒரு வழி உண்டு. அதுதான் கல்வெட்டு.

கல்கி இந்தக் கதையை 1950 முதல் 1954 வரை தன் வாரப் பத்திரிகையில் தொடராக எழுதினார். அதற்கு முன்பே நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவ பண்டாரத்தார் போன்ற அறிஞர்கள் கல்வெட்டுகளை ஆராய்ந்து சோழர் வரலாறு எழுதியிருந்தார்கள். அந்த அஸ்திவாரத்தின் மேல்தான் கல்கி மாளிகை கட்டினார்.

இருந்தவர்கள்

வந்தியத்தேவன் இருந்தது உண்மை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, ராஜராஜனின் அக்கா குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று குறிக்கிறது. அவ்வளவுதான்! குதிரைச் சவாரி, குறும்புப் பேச்சு, ஓலை கொண்டுபோனது எல்லாம் கல்கியின் கைவண்ணம். முதன்மந்திரி அநிருத்தரும் உண்மையானவர். அன்பில் செப்பேட்டில் இருக்கிறார்.

ஆதித்த கரிகாலன் கொலையும் நடந்ததுதான். காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டு, சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று குற்றவாளிகளின் பெயரைச் சொல்கிறது. ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 987 வாக்கில், அவர்களுடைய உறவினர்களின் நிலத்தையும் பறிமுதல் செய்திருக்கிறார்கள். ஆனால் ஏன் கொன்றார்கள், பின்னால் யார் இருந்தார்கள் என்று கல் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் கல்கி நந்தினியை உட்கார வைத்தார். நந்தினி முழுக்கக் கற்பனை. ஆனால் இன்றைக்கு எத்தனை பேர் அவளைச் சரித்திரம் என்றே நம்புகிறார்கள் பாருங்கள்!

படகுக்காரி எங்கே?

எனக்குப் பிடித்தவள் பூங்குழலி. கோடிக்கரையிலிருந்து வந்தியத்தேவனை இலங்கைக்குப் படகில் கொண்டுபோனவள். அவளும் கற்பனைதான். எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போவது ஆண்கள். மீனை விற்றுக் குடும்பத்தை நடத்துவது பெண்கள். அப்படியொரு படகுக்காரி அன்றைக்கு இருந்திருந்தாலும் கல்வெட்டில் வந்திருப்பாளா? பொன் கொடுத்தவர், நிலம் கொடுத்தவர், நிலம் இழந்தவர் – இவர்கள் பெயர்தான் பெரும்பாலும் கல்லில் ஏறும். துடுப்புப் போட்டவருக்கு ஏது கல்வெட்டு?

ஒரு விதிவிலக்கும் உண்டு. அது நம்மைப் போன்ற தொழிற்கல்வி மாணவர்களுக்கு ரொம்ப முக்கியம். பெரிய கோயிலில் வேலை பார்த்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கணக்கு எழுதினார்களே, அதில் 400 ஆடல் பெண்களின் பெயர் இருக்கிறது; தச்சர், தையற்காரர், நாவிதர் எல்லாரும் இருக்கிறார்கள். பெருந்தச்சன் குஞ்சரமல்லனை இன்றைக்கு நமக்குத் தெரிவது அப்படித்தான். ஆயிரம் வருஷம் கழித்தும் அவன் பெயரைக் காப்பாற்றியது ஒரு கணக்குப் பட்டியல்!

நமக்கு என்ன வேலை?

சினிமாவில் குப்பம் என்றாலே ரௌடி, கடத்தல் என்று காட்டுகிறார்கள். “இது கதை, அது நாங்கள்” என்று பிரித்துக் காட்ட நம்மிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி எங்கள் கரையையும் அடித்தது. அன்றைக்கு யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று எங்கள் வீட்டில் வாயால் சொல்வார்கள். ஒரு வரி எழுதி வைத்ததில்லை. சொன்னவர்கள் போய்விட்டால் அதுவும் போச்சு.

எனவே நண்பர்களே, இந்த விடுமுறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் தாத்தா, ஆயா பெயர், செய்த தொழில், பிடித்த மீன், கட்டிய வீடு எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். நாளைக்கு ஒரு கல்கி நம் ஊரைப் பற்றிக் கதை எழுத வரலாம். அவர் கற்பனை செய்யட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அஸ்திவாரம் நாம் போட்டதாக இருக்கட்டும்!

– மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு