கையுறை காப்பது எதனை?

நாஞ்சில் நாட்டில் வர்மக்கலை ஆசான்கள் அடிமுறையோடு, அடிபட்டோரைத் தேற்றும் மருத்துவத்தையும் கற்பித்தனர். தாக்கக் கற்பவர் காக்கவும் கற்க வேண்டும் என்பதே அம்மரபு. குத்துச்சண்டையில் கையுறை எதனைக் காக்கிறது?

மனிதக் கையில் 27 எலும்புகள் உள்ளன. வன்மையாகக் குத்தும்போது உள்ளங்கை எலும்புகள் முறியக்கூடும். ஆகவே, வீரர்கள் மணிக்கட்டையும் விரல்முட்டிகளையும் துணிப்பட்டையால் சுற்றி, அதன்மேல் மெத்தென்ற கையுறையை அணிகின்றனர். 1867இல் வெளியான குயின்ஸ்பெரி விதிகள் கையுறையை வலியுறுத்தின. வடசென்னையின் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரை வீரர்களும் கையுறை அணிந்தே மோதினர்.

ஆயினும், கையுறை குத்துபவரின் கையைக் காப்பதுபோல் எதிராளியின் மூளையைக் காப்பதில்லை. குத்தினால் தலை திடுமெனத் திரும்ப, மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குகிறது. எனவே, தலையில் அடிபட்டு மயங்கியவரை அன்றே மீண்டும் களமிறக்குதல் கூடாது.