திரைக்குள் ஒரு தலைமுறை – 9: பெருவிரல் நின்ற இடம்

2023 நவம்பர். மாலை நான்கரைக்கே இருட்டிவிட்டது. பேர்லின் ஹெர்மன் பிளாட்ஸில் எம்-41 பேருந்தில் ஏறினேன். எதிர் இருக்கையில் ஒரு பையன், பதின்மூன்று வயது இருக்கலாம், மடியில் பள்ளிக்கூடப் பை. பெருவிரல் திரையை மேலே தள்ளிக்கொண்டே இருந்தது. யாரோ கோல் அடிக்கிறார். ஒருத்தி கேக்குக்குக் கிரீம் பூசுகிறாள். அடுத்தது, காசாவில் சிமெந்துத் தூசி அப்பிய ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் மனிதர். பெருவிரல் நின்றது. அந்த மனிதர் ஓடி முடித்து, மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கினார். மூன்றாம் முறைக்குப் பிறகுதான் விரல் நகர்ந்தது. வந்தது சப்பாத்து விளம்பரம். பையனின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அந்த முகத்தை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் புரியவில்லை.

பேருந்து போய்க்கொண்டிருந்த சொன்னன் அலேயை பேர்லின்காரர் 'அரபுத் தெரு' என்பார்கள். 1975இல் தொடங்கிய லெபனான் உள்நாட்டுப் போர் துரத்திவிட்ட பாலஸ்தீனக் குடும்பங்கள் பல இந்த நொய்கெல்ன் மாவட்டத்தில்தான் வேரூன்றின. அவர்கள் வந்த வழியும் நாங்கள் வந்த வழியும் ஒன்று. கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையம், அங்கிருந்து பிரீட்ரிக் ஸ்ட்ராச நிலையம், ரயில் ஏறினால் மேற்கு. 1985இல் கிழக்கு ஜேர்மனி இலங்கையருக்கு அந்த வாசலை அடைக்கும்வரை தமிழர்கள் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். நான் வந்தது 1984இல். பிளாஷ்கோ அலேயில் இருக்கும் எங்கள் மயூரபதி முருகன் கோயிலும் நொய்கெல்ன் மாவட்டத்துக்குள்தான். ஆகவே சொன்னன் அலேயின் பிள்ளைகளை எனக்கு அடுத்த வீட்டுப் பிள்ளைகளாகத்தான் பார்க்க முடிகிறது.

2009 மே மாதம், வன்னிப் போரின் கடைசி நாட்களில், எங்கள் வீட்டு ஹோல் நிறைய ஆட்கள். தொலைபேசி அட்டை தீரத் தீர வன்னிக்கு எடுத்துப் பார்ப்போம், யாரும் எடுக்கமாட்டார்கள். பெண்கள் அழுவார்கள், ஒருவர் தேநீர் ஊற்றுவார், இன்னொருவர் பெயர்களைச் சொல்லிச் சொல்லிக் கேட்பார். என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. அறைக்குள் கணினிக்கு முன்னால் இருந்தாள். படிக்கிறாள் என்று நினைத்தோம். கணிதத்தில் புள்ளி குறைந்தபோது ஏசினோம். முள்ளிவாய்க்காலின் படங்களை இரவு இரவாக அவள் தனியே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு மிகப் பிந்தித்தான் தெரியவந்தது.

பார்ப்பதால் மட்டும் ஒருவருக்குக் காயம் படுமா? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 கையேடு, தொழில் நிமித்தம் பார்ப்பவர்களைத் தவிர மற்றவர்கள் திரையில் கண்ட கொடுமையை, பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய்க்கான காரணமாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் பாஸ்டன் மரதன் ஓட்டத்தில் குண்டு வெடித்த பிறகு, 4,675 பெரியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அந்த வாரம் நாளுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு மேல் அந்தச் செய்திகளிலேயே மூழ்கிக் கிடந்தவர்களின் மன அழுத்தம், குண்டு வெடித்த இடத்திலோ அருகிலோ நின்றவர்களுடையதைவிட அதிகமாக இருந்தது. வளர்ந்தவர்களுக்கே இந்த நிலை. பதின்மூன்று வயதுக்கு என்ன ஆகும் என்று ஊகிக்க எனக்குப் பெரிய ஆய்வு வேண்டாம்.

இதில் இயந்திரத்தின் பங்கைச் சொல்லியே ஆக வேண்டும். டிக்டாக்கோ இன்ஸ்டாகிராமோ, ஒரு காணொளியில் நீங்கள் எத்தனை வினாடி நின்றீர்கள் என்று எண்ணி, அதை வைத்து அடுத்ததைத் தேர்ந்து தருகிறது. ரசித்து நின்றாலும், திகைத்து நின்றாலும், மாமியின் தெருவோ என்று இடிபாட்டை உற்றுப் பார்த்து நின்றாலும் அதற்கு எல்லாம் வினாடிதான். துக்கத்தை விருப்பமாக எழுதிக்கொண்டு, அதே மாதிரி இன்னொன்றை எடுத்து நீட்டுகிறது. இந்தக் கொடுமையை எந்த நிறுவனமும் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னதாக நான் அறியேன்.

2023 ஒக்டோபர் 7க்குப் பிறகு, இஸ்ரேலில் ஹமாஸ் செய்த கொலைகளின் காட்சிகள் யூதப் பிள்ளைகளின் கைபேசிக்கும் இப்படித்தான் வந்தன. செயலிகளை அழித்துவிடுங்கள் என்று சில யூதப் பள்ளிகள் பெற்றோருக்கு எழுதின. பேர்லினில் தெருவில் ஹீப்ரு பேசவே யூதர்கள் பலர் அஞ்சினார்கள். இன்னொரு பக்கம், பேர்லின் கல்வித்துறை கெஃபியே சால்வையையும் 'பாலஸ்தீன விடுதலை' ஒட்டிகளையும் தடைசெய்யப் பள்ளிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. வகுப்பில் அமைதி வேண்டும் என்ற கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் வகுப்பில் வாய் மூடிய பிள்ளை மாலையில் திரும்பிப் போவது அந்தத் திரைக்குத்தான்.

லெபனானில் பாலஸ்தீன அகதி முகாமில் பிறந்த ஜுவானா ஹசூனும், இஸ்ரேலிய வேர்கள் கொண்ட ஷாய் ஹொஃப்மனும் அந்த ஒக்டோபரிலிருந்தே ஒன்றாகப் பள்ளிகளுக்குப் போகத் தொடங்கினார்கள். வகுப்பில் ஒரு பாலஸ்தீனரும் ஒரு யூதரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, பிள்ளைகளைப் பேசவிட்டுக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து இந்த நகரம் கண்ட மிக நல்ல வைத்தியம் அது.

அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கிறது. ஜேர்மனியின் லியோபோல்டினா அறிவியல் கழகம் 13 வயதுவரை கணக்கே வேண்டாம் என்கிறது. இரண்டையும் நான் ஆதரிக்கிறேன். ஆயினும் சொந்தங்கள் காசாவில் இருக்கும் பிள்ளைக்கு, கைபேசியில்தான் பெரியப்பாவின் குரலும் வருகிறது. அதைப் பிடுங்கி வைத்தால் தீர்ந்துவிடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தமிழ்ப் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன்: ஜேர்மனியில் 116 111 என்ற உதவி இலக்கத்தில் பிள்ளைகள் பெயர் சொல்லாமல், காசில்லாமல் பேசலாம். 15 வயதானால் பெற்றோரின் கையொப்பம் இல்லாமலே அவர்கள் உளச்சிகிச்சைக்குப் போக இந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. போனால் 'பைத்தியமா?' என்று கேட்காதீர்கள்.

அன்று பேருந்தால் இறங்கி வீட்டுக்குப் போனதும் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். பதினான்கு வருடம் பிந்திய கேள்வி. "2009இல நீ என்ன பாத்தனி, பிள்ளை?"

கன நேரம் பேச்சில்லை. பிறகு ஒரு படத்தைச் சொன்னாள். பதுங்குகுழி வாசலில் ஒரு நீல வாளி, பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு சிறுமி, அவளுடைய ஒற்றைப் பின்னல்.

"நீங்களும் அதைப் பாத்தனீங்களா, அப்பா?"

பார்த்திருந்தேன். அந்த வாளியின் கைப்பிடி உடைந்திருந்ததுகூட எனக்கு ஞாபகம் இருந்தது.