பல்லில் பதிந்த பிறந்த மண்

அமெரிக்க அடிமைமுறை என்றதும் தென் மாநிலங்களின் பருத்திக் காடுகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் வடக்கே நியூயார்க் நகரத்தில் 1703-இல் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது வீடுகளில் அடிமைகள் இருந்தார்கள். 1711-இல் வால் ஸ்ட்ரீட்டில் அடிமைச் சந்தையே திறக்கப்பட்டது. நியூயார்க் மாநிலம் அவர்களைச் சட்டப்படி விடுவித்தது 1827-இல்தான். இவ்வளவு காலம் உழைத்தவர்களைப் பற்றி ஏடுகளில் கிடைப்பது விலை, வயது, எசமானரின் பெயர், ஓடிப்போனவரைப் பிடித்துத் தரச் சொல்லும் விளம்பரம். எங்கே பிறந்தார்கள், எப்படி வளர்ந்தார்கள் என்பதைக் குறித்துவைக்க யாரும் மெனக்கெடவில்லை.

1991-இல் நியூயார்க்கின் பிராட்வே சாலையோரம் அரசு அலுவலகக் கட்டடம் ஒன்றுக்காக மண்ணைத் தோண்டினார்கள். பழைய வரைபடத்தில் அந்த இடம் கறுப்பர்களின் இடுகாடு என்று குறிக்கப்பட்டிருந்தது. ஊர் நடுவே இருந்த டிரினிட்டி தேவாலயம் 1697-இல் தன் கல்லறைத் தோட்டத்தில் ஆப்பிரிக்கர்களைப் புதைக்கத் தடைவிதித்தது. ஊருக்கு வெளியே கிடந்த இந்த நிலமே அவர்களுக்கு மிஞ்சியது. மேலே எழும்பிய கட்டடங்கள் எல்லாவற்றையும் அழித்திருக்கும் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் பள்ளத்தை மேடாக்கக் கொட்டிய மண்ணுக்கு அடியில், சுமார் ஏழு மீட்டர் ஆழத்தில், சவப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. அங்கிருந்து 419 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. பத்தில் நான்குக்கு மேல் சிறார்.

இனிப் பற்களின் கதை. எலும்பு, ஓடு மாற்றி மாற்றி வேயப்படும் வீடு; வாழ்நாள் முழுக்கப் பழைய திசு போய்ப் புதியது வரும். பல்லின் மேலுறையான எனாமல் அப்படியல்ல. குழந்தைப் பருவத்தில் ஒருமுறை உருவானால் பிறகு மாறாது. ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் இரண்டு ஐசோடோப்புகளுக்கு (எடை மட்டும் வேறுபடும் அணு வகைகளுக்கு) இடையிலான விகிதம், பாறையின் வயதையும் வகையையும் பொறுத்து ஊருக்கு ஊர் வேறுபடும். பாறை கரைந்து மண்ணாகி, மண்ணிலிருந்து தண்ணீருக்கும் பயிருக்கும் வந்து, அதைச் சாப்பிடும் குழந்தையின் பல்லில் கால்சியத்தின் இடத்தைக் கொஞ்சம் ஸ்ட்ரான்சியம் பிடித்துக்கொள்ளும். அறுபது வயதில் இறந்தவரின் கடைவாய்ப் பல்லும் அவர் சிறுவயதில் குடித்த தண்ணீரின் அடையாளத்தைத் தாங்கியிருக்கும்.

சிலருடைய முன்பற்கள் கூராகவோ இடைவெளி விட்டோ அராவப்பட்டிருந்தன. மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் பல சமூகங்களில் இருந்த வழக்கம் அது. அத்தகைய பற்களைச் சோதித்தபோது, அவற்றுக்கு உரியவர்கள் ஆப்பிரிக்காவில் வளர்ந்தவர்கள் என்றே வேதியியலும் காட்டியது. நியூயார்க்கில் பிறந்து சிறுவயதிலேயே இறந்த குழந்தைகளின் பற்களில் காரீயம் கூடுதலாக இருந்தது; அதுவும் வளர்ந்த ஊரின் தடமே.

பல் இன்னொன்றையும் சொல்லும். பட்டினியோ கடும் நோயோ தாக்கினால் எனாமல் வளர்ச்சி தடைப்பட்டு, குறுக்கே ஒரு பள்ளக்கோடு விழும். ஆப்பிரிக்காவில் வளர்ந்தவர்களைவிட நியூயார்க்கில் பிறந்த குழந்தைகளிடம் இந்தக் கோடுகள் அதிகம். ஆப்பிரிக்காவிலிருந்து இவர்களைக் கொண்டுவந்தது நாகரிக வாழ்வுக்குத்தான் என்று அடிமை வணிகத்துக்கு வக்காலத்து வாங்கியவர்களுக்கு இந்தப் பற்களே மறுமொழி.

எலும்புகளிலோ உழைப்பின் தடம். தசைநார் எலும்பைப் பற்றும் இடங்கள், ஓயாத பாரத்தால் தடித்தும் கிழிந்தும் இருந்தன. ஆண்களிடம் மட்டுமல்ல, பெண்களிடமும் அப்படித்தான். அத்தனை நெருக்கடியிலும் இறந்தவர்களை அவர்கள் அநாதையாக விடவில்லை. இறுதிச் சடங்கில் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடக்கூடாது என்று நகரச் சட்டம் இருந்தும், பெரும்பாலோரைக் கோடித் துணி சுற்றி, தனித்தனிப் பெட்டியில், தலை மேற்கே இருக்கும்படி அடக்கம் செய்திருந்தார்கள். அராவிய பற்களோடு புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் இடுப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட மணிகள், இடையிடையே சோழிகள்.

முதலில் இந்தத் தோண்டல் அவசரகதியில் நடந்தது. நகரத்தின் கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1992-இல் நாடாளுமன்றம் தலையிட்ட பின்பே வேலை நின்றது. ஆய்வுப் பொறுப்பு ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் மானிடவியலாளர் மைக்கேல் பிளேக்கிக்கு வந்தது. 2003-இல் 419 பேரும் கானாவில் செதுக்கிய மரப்பெட்டிகளில் அதே இடத்தில் மறுபடி அடக்கம் செய்யப்பட்டார்கள். 2006-இல் அது தேசிய நினைவிடமானது.

அந்தப் போராட்டம் ஆய்வின் போக்கையே மாற்றியது. எலும்பை அளந்து இனத்தைக் குறிப்பதோடு பழைய முறை நின்றிருக்கும். எங்கிருந்து வந்தார்கள், என்ன பாடுபட்டார்கள், எப்படி எதிர்த்து நின்றார்கள் என்று கேட்டவர்கள் வழித்தோன்றல்களே. விஞ்ஞானிகள் பல்லைத் துளையிட்டது அந்தக் கேள்விகளுக்காகத்தான்.